மூன்றாவது முறை வந்த வெள்ளைப் பூ

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கங்கைகொண்டானில் உன் அறையில் மின்விசிறி ஓடும், ஆலை கேன்டீனில் வேளைக்குச் சாப்பாடு கிடைக்கும், ஷிஃப்ட் முடிந்து வந்தால் படுத்ததும் தூக்கம் வரும். தூங்க முடியாமல் கிடப்பவர்கள் வேறு வீட்டில் இருக்கிறார்கள். போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் நாலாவது வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, சூப்பர்வைசர் கூப்பிடுதாரு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை நீ பாதியில் மடித்து வைக்கலாம். ஆனால் அது அங்கேயே கிடக்கும். என்றைக்காவது எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும்.

கோமதி போன செவ்வாய்க்கிழமை நம் வீட்டுக்கு வந்தாள். நீ தாலி கட்டுவதாகச் சொல்லி, ஊரைக் கூட்டி நிச்சயம் செய்துவிட்டு வந்த அதே கோமதிதான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி, வீரவநல்லூரில் இறங்கி, அங்கிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். நான் அப்போதுதான் அங்கன்வாடியிலிருந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றவளை "உள்ள வாம்மா" என்றேன். அவள் வரவில்லை. "வேண்டாம் அத்தை. நான் உள்ள வந்துட்டுப் போன பொறவு உங்க வீட்டுல யாருக்காவது தலவலின்னா கூட அதுக்கும் நான்தான் காரணம்னு ஆயிரும்" என்றாள். ஏலே, முப்பத்தோரு வருடம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த வாசலில் அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கத்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதிலிருந்து அவள் அப்பாவின் மருத்துவச் சீட்டுகளை எடுத்தாள். பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் அல்லவா, ஒவ்வொன்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். "இதப் பாருங்க அத்தை. இது நிச்சயத்துக்கு ரெண்டு மாசம் முன்னால எடுத்த இ.சி.ஜி. டாக்டர் அன்னைக்கே அட்மிட் ஆவச் சொல்லியிருக்காவ. அப்பாதான், பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு எங்ககிட்ட மறைச்சிருக்காவ. எறந்த பொறவு பீரோவுக்குள்ள இருந்து எடுத்தேன். இத உங்க மகன்கிட்ட காட்டுவியளா?" என்றாள். அழவில்லை. பரிசோதனை முடிவை நோயாளியிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். அப்பனைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகாத பெண், தன்னால் அவர் சாகவில்லை என்று நிரூபிக்க ஆஸ்பத்திரிச் சீட்டோடு என் வாசலில் நிற்கிறாள். அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவன் என் மகன்.

நீ அவளுக்கு அனுப்பிய செய்தியைத் தன் போனில் எடுத்துக் காட்டினாள். "சாமி உத்தரவு கிடைக்கல. மன்னிச்சிரு. நீ நல்லா இரு." ஏழு சொல். நிச்சயம் முடிந்த பதினோராம் நாள் அவள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மூன்றாம் நாள் உன் ஏழு சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது. சாவு வீட்டில் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியும். நிச்சயச் சாப்பாட்டில் கை நனைத்ததும் அப்பனை முழுங்கிவிட்டாள் என்று இரண்டு கிழவிகள் முணுமுணுத்தார்கள். அதை நானும் கேட்டேன், நீயும் கேட்டாய். அவர்கள் முணுமுணுத்ததோடு நின்றார்கள். நீ சாமியின் கையெழுத்தையே வாங்கி அதன் கீழ் போட்டுக் கொடுத்துவிட்டாய்.

கோமதி போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே நம் சாஸ்தா கோவிலுக்குப் போனேன். நீ வந்து பூக்கட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இவ்வளவு தூரம் பைக்கில் வந்தவன், கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு வரவில்லை. அம்மா முகத்தில் விழிக்கப் பயம். பூசாரியிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, "டீச்சரம்மா, சாமி சன்னிதியில நின்னுக்கிட்டு நான் பொய் சொல்ல மாட்டேன். மொதத் தடவ செவப்புப் பூதான் வந்துச்சு. தம்பி மொகம் வாடிப் போச்சு. சரியா குலுக்கல, இன்னொருக்க போடுங்கன்னாரு. ரெண்டாந்தடவையும் செவப்புதான். கொஞ்ச நேரம் கண்ண மூடி நின்னுட்டு, மறுபடியும் போடச் சொன்னாரு. மூணாந்தடவதான் வெள்ள வந்துச்சு. உடனே கன்னத்துல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரு" என்றார்.

"மூணு தடவ எதுக்குய்யா போட்டீரு?" என்று கத்திவிட்டேன்.

"அவரு கேட்டாரு, போட்டேன். வெள்ள வர்ற வரைக்கும் வுடமாட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

நம் கோவிலில் சிவப்பு வந்தால் உத்தரவு, வெள்ளை வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். இது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சாமி இரண்டு முறை சரி என்று சொல்லியிருக்கிறது. அது உன் காதில் விழவில்லை. வேண்டாம் என்று ஒரு முறை சொன்னதும் அதற்குமேல் நீ அங்கே நிற்கவில்லை. அப்படியானால் நீ கேட்கப் போனது என்ன? உன் மனதில் முடிவு ஏற்கெனவே இருந்தது. அதைச் சொல்ல உனக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. பேசாமல் கல்லாக உட்கார்ந்திருக்கிற சாஸ்தாவின் வாயை எடுத்துக்கொண்டாய்.

முடிவு என்ன காரணத்தால் வந்தது என்றும் எனக்குத் தெரியும். கோமதியின் அப்பாவைத் தூக்கிவிட்டு வந்த அன்று நீ என்னிடம், "அம்மா, இனி அந்த வீட்டையும் நான்தான் பாக்கணும் போலுக்கே. படிக்குத தங்கச்சி வேற இருக்கு" என்றாய். பயத்தில் சொல்கிறான், தெளிந்துவிடுவான் என்று நான் விட்டுவிட்டேன். அங்கேயே உன்னை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். பயப்படுவது குற்றம் இல்லை. இருபத்தொன்பது வயதில் ஒரு குடும்பத்தின் பாரம் திடீரென்று தோளில் விழும் என்றால் யாருக்கும் பயம் வரும். எனக்குப் பயமாக இருக்கிறது, என்னால் முடியாது என்று அவளிடம் நேரில் சொல்லியிருந்தால் அவள் ஒரு நாள் அழுதிருப்பாள், உன்னை ஒரு வாரம் திட்டியிருப்பாள், பிறகு அவள் வாழ்க்கையைப் பார்க்கப் போயிருப்பாள். நீயோ உன் பயத்தை எடுத்து அவள் நெற்றியில் அபசகுனம் என்று எழுதிவிட்டாய்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நீ பாலிடெக்னிக் போகவேண்டும் என்று அடம்பிடித்தாய். அப்பாவுக்கு முதுகு வலி ஆரம்பித்திருந்த நேரம். வாழைக்கு மண் அணைக்க ஆள் கிடைக்கவில்லை, பையன் வயலுக்கு வரட்டும் என்றார். நாலு நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள், "ஐயன் என்ன சொல்லுதாரோ அதான் முடிவு. பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். பூவைப் பொட்டலம் கட்டும் வேலை என்னிடம் வந்தது. செவ்வரளியும் நந்தியாவட்டையும் பறித்தேன். வாழையிலைக் கிழிசல் இரண்டு எடுத்தேன். நந்தியாவட்டையைக் கிணற்றடியில் போட்டுவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். "சரிலே, போய்ப் படி" என்று உன் தலையில் கை வைத்தார். மற்றப் பொட்டலத்தை நான் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் சாமியை ஏமாற்றியதாக நினைக்கவில்லை. புருஷனை ஏமாற்றினேன். அவரோடு நேருக்கு நேர் நின்று, பிள்ளை படிக்கட்டும், வயலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் பூவுக்குப் பின்னால் ஒளிந்தேன். நீ என்னவோ அன்றிலிருந்து "ஐயன் உத்தரவு குடுத்துத்தான் நான் படிச்சேன்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாய். வேலை கிடைத்தபோது பூ, பைக் வாங்கும்போது பூ, அறை மாற்றும்போது பூ. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். பிள்ளை நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று விழுங்கிவிடுவேன். அந்த நம்பிக்கையைத்தான் நீ கொண்டுபோய் ஒரு பெண்ணின் கழுத்தில் சுருக்காக மாட்டியிருக்கிறாய். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் இருக்கவேண்டிய கோபம். அதற்காக உன் பாதியைக் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் பார்வதி அத்தையைப் பற்றி நீ போன வாரம் போனில் சொன்ன வார்த்தைக்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியாது. உன் அப்பாவின் தங்கைக்குக் கல்யாணமான நாலாம் மாதம் லாரி மோதி அவள் புருஷன் இறந்தான். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. நம் வீட்டுக்குத்தான் திரும்பி வந்தாள். உன்னைத் தரையில் விடாமல் வளர்த்தவள் அவள். உனக்குச் சோறு ஊட்டவும், தூங்கவைக்கவும், ஆற்றில் குளிப்பாட்டவும் அவளே வேண்டும். உனக்கு மூன்று வயதில் காது குத்த ஏற்பாடு செய்தோம். கிளம்புகிற அன்று காலையில் நான் அடுக்களைக்குப் போய், "பார்வதி, பிள்ளையத் தூக்கிட்டு எறங்கும்போது நீ எதிர வந்துராத. பின்கட்டுலயே இரு" என்றேன். அவள் உனக்காகக் கிண்டிய பொங்கலை இறக்கிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மதினி, நான் என்ன பூனையா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோவிலில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து நீ காது குத்தியதற்கு அழவில்லை, அத்தை எங்கே என்று கேட்டுத்தான் அழுதாய். இரண்டு மாதத்தில் அவள் பாளையங்கோட்டையில் ஒரு விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். நல்ல வேலை கிடைத்தது, போனாள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். போகவைத்தது நான்.

உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் உனக்கு நினைவிருக்கும். ஓட்டின்மேல் இலையில் சோறு வைத்துவிட்டுக் காக்காய்க்குக் காத்திருந்தோம். ஒரு காக்காய்கூட வரவில்லை. ஆளுக்கு ஒரு அர்த்தம் சொன்னார்கள். மகன் கல்யாணத்தைப் பார்க்காத ஏக்கம் என்றார் உன் பெரியப்பா. வயலை விற்கக் கூடாது என்கிறார் என்றார் இன்னொருவர். எனக்கு அவர்கள் பேசியது எதுவும் ஏறவில்லை. தங்கையைத் துரத்திய வீட்டில் அவர் சாப்பிட மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவர் உயிரோடு இருந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் பார்வதி போன நாளிலிருந்து காது குத்திய படத்தை அவர் சுவரில் மாட்டவிட்டதும் இல்லை. கையைக் கூப்பி, "பார்வதிய இனிமே ஒதுக்க மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். காக்காய் அதற்கும் வரவில்லை. அடுத்த வீட்டுக் கோழி ஏறி வந்து கொத்திவிட்டுப் போனது.

காக்காய் வராததற்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். பக்கத்துத் தெருவில் வேறு எங்கேயாவது சோறு கிடைத்திருக்கும். அந்த வெற்று இலையில் நான் படித்தது என் மனதில் இருபது வருடமாகக் கிடந்த குற்றத்தை. படித்தபடி செய்யவும் செய்தேன். பாளையங்கோட்டைக்குப் போய் அந்த விடுதி அடுக்களையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இருவது வருசம் ஆச்சு மதினி. இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றாள். என்னோடு வந்து தங்க மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் நல்லது கெட்டதுக்கு வர ஒப்புக்கொண்டாள். சகுனம் பார்க்காதே, சாமி கும்பிடாதே என்று நான் உனக்குச் சொல்லவில்லை லே. இன்றைக்கும் ஆற்றில் முங்கி எழும்போது கண்ணில் படுகிற முதல் மீன்கொத்தியை நான் உன் அப்பாவாக நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொண்டு, விட்டுப்போன ஏதாவது ஒரு வேலையை அன்று முடிக்கிறேன். ஒரு அடையாளம் உன்னை எழுப்பி, நீ செய்யப் பயந்த காரியத்தைச் செய்யவைத்தால் அதைக் கும்பிடு. செய்யவேண்டியதிலிருந்து நழுவ வழிகாட்டினால், அங்கே பேசுவது சாமி இல்லை, நீதான்.

அப்படி ஒப்புக்கொண்டு வந்த பார்வதிதான் உன் நிச்சயத்துக்கு முதல் சீர்த்தட்டைத் தூக்கினாள். நான்தான் தூக்கச் சொன்னேன். போன வாரம் போனில் நீ, "கோமதி அப்பா செத்ததுக்கு அத்தை தட்டத் தூக்குனதும் ஒரு காரணமா இருக்கும்மா" என்றாய். நான் போனை வைத்தது சிக்னல் இல்லாததால் என்று நினைத்திருப்பாய். அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் இருபத்தொன்பது வயது என்றும் பாராமல் அறைந்திருப்பேன். உன்னை இடுப்பிலிருந்து இறக்காதவள் அவள். நான் அவளைப் பூனையாக்கினேன். நீ அவளையும் ஆக்கினாய், கோமதியையும் ஆக்கினாய். மனுஷியைப் பார்த்து மனுஷி என்று தெரியாமல், நமக்கு என்ன நடக்கும் என்று சொல்லுகிற பலகையாகப் பார்க்கிற கண் என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது.

நேற்று கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். எப்போதும் அப்பளம் காய்கிற அந்த வீட்டு முற்றத்தில் பாய்கள் சுருட்டிக் கிடந்தன. கோமதியின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சிவப்புப் பூ இரண்டு முறை வந்ததைச் சொன்னேன். என் மகன் பொய்யன் என்று சொன்னேன். அவள் என் கையைத் தடவிக்கொடுத்து, "பெரிய மனசு பண்ணி ஆறுதல் சொல்லுதிய மதினி. எம்மவ ராசி அப்படி. யாரச் சொல்லி என்ன செய்ய" என்றாள். நான் சொன்னதை நம்பவில்லை. பெற்ற தாயே நம்பிவிட்டாள், உன் ஏழு சொல்லை.

கோமதி என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தாள். "வெளிய ஆளுங்க பேசுதத நான் தாங்கிக்கிடுவேன் அத்தை. எங்கம்மா என் மொகத்தப் பாத்துச் சோறு போடமாட்டேங்காவ. தட்ட வச்சிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிடுதாவ" என்றாள். நான் அவனை இழுத்துக்கொண்டு வருகிறேன், கல்யாணத்தை நடத்திவைக்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அவரு எனக்கு வேண்டாம். நாளைக்கு எங்க வீட்டுல இன்னொருத்தருக்குக் காச்சல் வந்தா மறுபடி பூப்போடப் போயிருவாரு. ஆனா ஒரு தடவ இங்கன வரணும். எங்கம்மா முன்னால நின்னு, எனக்குப் பயம், அதான் வேண்டாம்னேன்னு அவரு வாயால சொல்லணும். நீங்க சொன்னா அம்மா நம்பமாட்டாவ" என்றாள்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை நீ வருகிறாய். எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது, லீவு இல்லை என்கிற பேச்சு வேண்டாம். பத்து மணிக்குக் கல்லிடைக்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன். பார்வதியும் நிற்பாள். அவளாகவே வருகிறேன் என்றாள். அவள் காலில் விழுவதை நீ நிறுத்தத்திலேயே முடித்துக்கொள்ளலாம், அந்த வீட்டில் உனக்கு வேறு வேலை இருக்கிறது. அங்கே உன்னை யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். காபி தர மாட்டார்கள். கோமதி உன்னை மன்னிக்கப்போவதும் இல்லை. எதுவும் கிடைக்காது என்று தெரிந்தேதான் நீ அந்தப் படியேற வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல். அந்தத் தாய் உன் முகத்தைப் பார்த்து, பிறகு தன் மகளின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் அங்கேயே நில்.

வருமுன் கோவிலுக்குப் போய் எதையும் கேட்காதே. நெற்றியில் ஒன்றும் பூசிக்கொள்ளாதே. இந்த ஒரு நாள் மட்டும் சாமியை உன்கூட அழைத்து வராமல், நீ மட்டும் வா.

அம்மா